மலிவு யார் கணக்கில்? விறகும் கரியும் நாமும்

1

மரத்திலிருந்து மலிவாக எரிபொருள் தயாரிப்பது பற்றி இங்கு அவ்வப்போது பேச்சு கிளம்பும். பெட்ரோல், டீசல் விலை ஏறும்போது கிளம்பும், இறங்கினதும் அடங்கிப்போகும். கருத்தரங்கு போடுவார்கள், திட்ட அறிக்கை வரும். எந்த அறிக்கையை எடுத்தாலும் மூன்று சொற்கள் தவறாமல் இருக்கும்: தரிசு நிலம், கழிவு மரம், கிராமப்புற வேலைவாய்ப்பு. இந்த மூன்று சொல்லையும் சேரிப் பக்கத்திலிருந்து வாசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தரிசு என்று எழுதப்படுவது யாருடைய ஆடு மேய்ந்த நிலம்? கழிவு என்று எழுதப்படுவதைப் பொறுக்கி அடுப்பெரித்தது யார்? வேலைவாய்ப்பு என்றால் என்ன கூலி, எவ்வளவு முன்பணம், அந்த முன்பணம் எத்தனை வருசத்தில் கழியும்?

விறகைப் பற்றி எழுதப்பட்ட வரலாறெல்லாம் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றிய வரலாறாகத்தான் இருக்கிறது. எஞ்சினைச் செய்தவர் பெயர், காப்புரிமை வாங்கிய வருசம், கம்பெனி, முதல் ஓட்டம் எல்லாம் பதிவாகியிருக்கும். எஞ்சினுக்குத் தீனி போட்டவர்கள் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள்ளே ஆணும் பெண்ணும் பிள்ளையும் சாதியும் ஊரும் சேர்ந்து காணாமல் போயிருக்கின்றன.

தமிழ் படித்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்முடைய இலக்கியத்தில் விறகு சுமந்தவர்களில் ரொம்பப் புகழ் பெற்றவர் சிவபெருமான்தான். திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் என்றே ஒன்று இருக்கிறது. பாணபத்திரருக்காக இறைவன் விறகுத் தலையனாக மதுரைத் தெருவில் வருகிறார், ஏமநாதன் காதில் விழும்படி பாடுகிறார், ஏமநாதன் ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடுகிறான். வேலை முடிந்ததும் சாமி விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறது. ஒரு நாள் வேசம், ஒரு படலம் பாட்டு. தலைமுறை தலைமுறையாகக் கட்டை இறக்கிவைக்கவே முடியாதவர்களுக்குப் படலமும் கிடையாது, பாட்டும் கிடையாது. அவர்கள் பக்கத்திலிருந்து மூன்று காலங்களைப் பார்க்கலாம்: ரயிலின் காலம், யுத்தத்தின் காலம், சீமைக்கருவேலத்தின் காலம்.

2

1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. ரயில் என்றால் நிலக்கரி என்று பள்ளிக்கூடத்துப் படம் நம் மனசில் பதிந்திருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்து எஞ்சின்கள் ஆரம்ப வருசங்களில் விறகைத்தான் தின்றன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் நிலக்கரிக்கு விலை கட்டாது. வங்காளத்து நிலக்கரி வெகு தொலைவு. பக்கத்தில் இருந்தது காடு. தண்டவாளத்தின் அடிக்கட்டைக்கும் மரம், அதன்மேல் ஓடும் எஞ்சினுக்கும் மரம்.

காடு கரைகிறது என்று வெள்ளைக்காரனுக்கே பயம் வந்தது. அதே 1856-ல் சென்னை மாகாணத்துக்குக் காட்டுக் காப்பாளராக ஹியூ கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். ரயில் விறகுக்காகவே 1860-களில் கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் போடப்பட்டன. இன்றைக்குச் செங்கல்பட்டுக் கரையோரம் நாம் பார்க்கும் சவுக்கு, ஏதோ ஆதிகாலத்திலிருந்து இங்கே நின்ற மரம் என்று நினைக்க வேண்டாம். அது எஞ்சினுக்கு வைக்கப்பட்ட தீவனம்.

அதற்குப் பின்னால் 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. ஒதுக்குக் காடு என்று கோடு போட்டார்கள். கோட்டுக்கு உள்ளே விறகு பொறுக்குவதும் ஆடுமாடு ஓட்டுவதும் அனுமதியின் பேரில் நடக்க வேண்டியவை ஆயின, அனுமதி இல்லாதபோது குற்றம் ஆயின. காட்டை மொட்டையடித்தது ரயில். தண்டம் கட்டியது சுள்ளி பொறுக்கியவள். இருளர் போன்ற மக்களுக்குக் காடு வீடாக இருந்தது போய், களவு போகும் பொருள் வைத்திருக்கும் இடமாக மாறியது. காட்டை இழந்தவர்கள் விறகு வெட்டும் கூலிகளாகத் திரும்பி அதே மரத்தடிக்கு வந்தார்கள். மரம் அதேதான், கோடாலியும் அதேதான், வெட்டிய விறகு மட்டும் வேறொருவருடையது.

'பாதுகாப்பு' என்ற சொல்லைச் சட்டப் புத்தகத்தில் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. யாரிடமிருந்து பாதுகாப்பு, யாருக்காகப் பாதுகாப்பு என்று கேட்டுப் பார்த்தாலே பாதி வரலாறு வெளியே வந்துவிடும்.

3

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரலில் ஏனாஞ்சௌங் எண்ணெய்க் கிணறுகளை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று பிரிட்டிஷ்காரர்களே அழித்தார்கள். பர்மா எண்ணெயை நம்பியிருந்த இந்தியாவில் பெட்ரோல் கூப்பனுக்குள் போயிற்று. அப்போதுதான் நம் ஊர்களில் 'கரி பஸ்' ஓடியது. வயசானவர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய உருளை தொங்கும், அதில் அடுப்புக்கரி போட்டு மூட்டி, கிளீனர் பையன் கைப்பிடியைச் சுற்று சுற்றென்று சுற்றுவான், அரைமணி நேரம் கழித்துத்தான் வண்டி உறுமும், ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். மதுரை டி.வி.எஸ். நிறுவனமே யுத்த காலத்தில் இப்படிப்பட்ட கரிவாயுக் கலங்களைத் தயாரித்து விற்றது.

இதன் சூட்சுமம் ரொம்ப எளிது. கரியையோ விறகையோ நன்றாகக் காற்று விட்டு எரித்தால் சாம்பலும் சூடும் மிஞ்சும். காற்றைக் குறைத்து அரைகுறையாக எரித்தால் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். அந்த வாயு எரியும். அதை ஆறவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடுவதைவிட இழுவை மூன்றில் ஒரு பங்காவது குறையும், சில சமயம் பாதியாகும். அதனால்தான் ஏற்றத்தில் தள்ள வேண்டியிருந்தது. கார்பன் மோனாக்சைடு மணமில்லாத விசம். மூடிய கொட்டகைக்குள் இதை மூட்டினால் ஆளைக் கொன்றுவிடும்.

இந்தியாவில் மட்டும் இது நடக்கவில்லை. பிரான்சில் ஜார்ஜ் இம்பேர் என்பவர் 1920-களில் விறகையே நேராகப் போட்டு வாயு எடுக்கும் கலத்தை உருவாக்கினார். யுத்தம் முடியும்போது ஜெர்மனியில் மட்டும் சுமார் 5 லட்சம் வண்டிகள் விறகு வாயுவில் ஓடின. ஸ்வீடனில் 70,000 வண்டிகளுக்கு மேல். பணக்கார நாடுகளே பெட்ரோல் இல்லாதபோது விறகுக்கு வந்து நின்றன. பெட்ரோல் திரும்பி வந்ததும் கலத்தைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டன.

இந்த இடத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். காய்ந்த விறகை நேராகக் கலத்தில் போட்டால், ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிலோ விறகு ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலையைச் செய்யும். கரியாகப் போட்டால் ஒன்றரைக் கிலோ போதும். கரி குறைவாகத்தானே ஆகிறது, அதுதானே லாபம் என்று தோன்றும். ஆனால் மண்மூட்டத்தில் ஒரு கிலோ கரி எடுக்க ஐந்து, ஆறு கிலோ விறகு வேண்டும், கைப்பழக்கம் இல்லாதவன் போட்டால் எட்டு கிலோகூட ஆகும். அப்படிப் பார்த்தால் கரி பஸ் ஒரு லிட்டருக்கு ஈடாக எட்டு, ஒன்பது கிலோ விறகை விழுங்கியிருக்கிறது. விறகில் உள்ள சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் கரியில் தங்குகிறது. மீதி மூட்டத்துப் புகையிலேயே போய்விடுகிறது.

அப்புறம் ஏன் கரி? விறகை நேராகப் போட்டால் அதிலிருந்து தார் வரும். பிசுபிசுவென்று அந்தத் தார் எஞ்சினின் வால்வில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். தாரை உள்ளேயே எரித்துவிடும் நல்ல கலம் செய்யச் செலவாகும், கவனமும் வேண்டும். கரியில் தார் கிடையாது. ஏன் கிடையாது? அதெல்லாம் ஏற்கெனவே மூட்டத்தில் வெளியே வந்துவிட்டது. அந்தப் புகையை மூட்டத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் குடித்துவிட்டார்கள். எஞ்சினுக்குள் போக வேண்டிய அழுக்கு மூட்டக்காரனின் நெஞ்சுக்குள் போனதால் எஞ்சின் சுத்தமாக ஓடியது. தொழில்நுட்பம் என்று நாம் படிப்பதற்குள் இப்படி ஒரு சாதி ஏற்பாடு ஒளிந்துகொண்டிருக்கிறது. அழுக்கான கட்டத்தை ஊருக்கு வெளியே தள்ளி, சுத்தமான கட்டத்தை மட்டும் ஊருக்குள் எடுத்துக்கொள்வது நமக்குப் புதுசா என்ன? செத்த மாட்டை உரிப்பது ஓரிடம், செருப்பு மாட்டுவது ஓரிடம்.

கரி பஸ்ஸைப் பற்றி ஊர் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸைத் தள்ளிய கதை இருக்கிறது, கிளீனர் முகத்தில் கரி அப்பிய கதை இருக்கிறது. அந்தக் கரியை எந்தக் காட்டோரத்தில் யார் சுட்டார்கள் என்ற கதை பஸ் போன வழியில் எங்குமே கிடைப்பதில்லை.

4

சீமைக்கருவேலம் தென்னமெரிக்கா, மெக்சிகோ, கரீபியன் தீவுகளின் மரம். 1870-களின் கடைசியில் இந்தியாவுக்குள் வந்தது. வறண்ட மண்ணில் விறகு வேண்டும் என்பதுதான் அன்றைக்கும் நோக்கம். ராமநாதபுரம் சீமையில் அது பெருவாரியாகப் பரவியது சுதந்திரத்துக்குப் பின்னால்தான். வேலிக்கு என்று போட்டார்கள், அதனால் வேலிக்காத்தான் என்று பேர். வேலி காத்தது, அப்புறம் வேலி தாண்டியது, கண்மாய், புறம்போக்கு, கைவிட்ட புஞ்சை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழையே இல்லாவிட்டாலும் நிற்கும். ஆடு நெற்றைத் தின்று விதையைப் போகுமிடமெல்லாம் போடும்.

கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, சாயல்குடிப் பக்கம் மழை பொய்த்த வருசங்களில் விவசாயக் கூலிவேலை என்று ஒன்றும் இருக்காது. அப்போது சோறு போட்டது இந்த முள்ளுதான். வெட்டுவது, மூட்டம் போடுவது, கரி அள்ளுவது. பள்ளர், பறையர், சக்கிலியர் மட்டும்தான் இந்த வேலையைச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. நிலமில்லாத, நிலமிருந்தும் தண்ணியில்லாத மற்றவர்களும் செய்தார்கள். ஆனால் மரம் யாருடைய பட்டாவில் நின்றது, கரியை எடைபோட்ட தராசு யார் கையில் இருந்தது, லாரி யாருடையது என்று பார்த்தால், அங்கே நம் ஆட்கள் கண்ணில் படுவது அபூர்வம்.

மூட்டம் போடுவதைச் சும்மா 'எரிப்பது' என்று நினைக்கிறார்கள். அது ஒரு கைத்தொழில், நுட்பமான தொழில். தரையைச் சமன் பண்ணி, தூர்க்கட்டையும் பருத்த விறகும் நடுவில் வர, சிறுவிறகு சுற்றிலும் வர, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். மேலே தழை, வைக்கோல், அதன்மேல் ஈரமண் பூச்சு. உச்சியில் தீ வைக்க ஒரு வாய், அடியில் காற்றுக்குக் கண்கள். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும், அது விறகில் உள்ள தண்ணீர். பிறகு புகை மஞ்சளடிக்கும், கண் எரியும், அது தார். கடைசியில் மெல்லிசாக நீலம் பூக்கும். அந்த நீலத்தைப் பார்த்ததும் கண்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் கரி வேகாது, கொஞ்சம் பிந்தினால் சாம்பல். இந்த நிறக் கணக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை.

கமுதிப் பக்கம் நாற்பது வருசம் மூட்டத்தில் கிடந்த ஒரு அப்பத்தா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கரி என்ன தானாவா ஆகுது தம்பி? மூட்டத்தப் பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிறணும். நடுச்சாமத்துல எங்கியாச்சும் மண்ணு வெடிச்சி ஓட்ட விழுந்துருச்சுன்னு வையி, காத்து உள்ள போயி விடியறதுக்குள்ள அம்புட்டும் சாம்பலாயிரும். சாம்பலுக்கு எவன் கூலி குடுப்பான்? அதான் மூட்டத்து ஓரத்துலயே சாக்க விரிச்சிப் படுத்துக்கிறது. மண்ணு உள்வாங்குற எடத்துல ஏறி மிதிச்சி மண்ணு போடணும். கால் உள்ள போனவுக இருக்காக. பொகையில தல சுத்தும், வாந்தி வரும், பசிக்கிறாப்புலயும் இருக்கும் பசிக்காத மாதிரியும் இருக்கும். கரி அள்ளுறப்ப எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் எச்சி கருப்பாத்தேன் வரும். மூட்டைக் கணக்கு அவரு பேருலதேன். எங்கூடக் கெடந்த எனக்கும் எம்மகளுக்கும் தனியா ஒன்னும் கெடையாது. கேட்டா, 'முன்பணம் கெடக்குல்ல'ம்பாக."

தலை சுற்றுவதும் வாந்தியும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் அறிகுறிகள். யுத்த காலத்து பஸ் கொட்டகைக்கு அந்த வாயு ஆபத்து என்று எச்சரிக்கை இருந்தது. மூட்டத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்தவளுக்கு யாரும் எச்சரிக்கை எழுதி ஒட்டவில்லை. அந்த அப்பத்தாவின் வாயில் வந்த இரண்டு விசயங்கள்தான் மலிவு என்ற சொல்லின் முழு விளக்கம். ஒன்று, ஒரு ஆளின் கூலியில் மூன்று ஆளின் வேலை. இரண்டு, முன்பணம்.

5

முன்பணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரப் போக வேண்டாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். 1995-ல் உச்சநீதிமன்றம் அமைத்த குழு, தமிழ்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாகக் கண்டது, அவர்களில் மிகப் பெரும்பான்மை தலித்துகளும் பழங்குடியினரும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து இருளர் மக்கள் 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடக்கும் படம் பத்திரிகைகளில் வந்ததை மறந்திருக்க முடியாது. 1882-ல் காட்டைக் கோடு போட்டுப் பிரித்தபோது வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் 137 வருசம் கழித்து விறகுக்கட்டையிலிருந்து மீட்கப்படுகிறார்கள்.

உலகத்தின் மறு கோடியிலும் இதே கதைதான். பிரேசிலில் இரும்பு உருக்குவதற்கு மரக்கரியைப் பயன்படுத்துகிறார்கள். நிலக்கரியை விட்டுவிட்டு மரக்கரி எரிப்பதால் அது 'பசுமை இரும்பு' என்று பேர் வாங்கியது. அமேசான் பக்கம் கராஜாஸ் வட்டாரத்தில் அந்தக் கரியைச் சுட்டவர்களில் பலர் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். அடிமை முறையை 1888-லேயே ஒழித்த நாடு, தன் மண்ணில் இன்னும் அடிமை வேலை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு 1995-ல் நடமாடும் ஆய்வுக் குழுக்களை அமைத்தது. அந்தக் குழுக்கள் ஆட்களை மீட்ட இடங்களில் கரிச்சூளைகளும் இருந்தன. நமக்கும் அவர்களுக்கும் கடல் இடையில் கிடக்கிறது. கரியின் மலிவு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் வருகிறது.

இப்போது புதிய பேச்சுக்கு வருவோம். விறகை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் தென் மாவட்டங்களில் வந்தன. சீமைக்கருவேலம்தான் முக்கியத் தீவனம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு போகும். விறகு விலை ஏறினால் கட்டுப்படியாகாது என்று பல நிலையங்கள் நின்றுபோயின. விறகு விலை என்பதில் பெரும்பங்கு வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும்தான். வெட்டுகிறவனுக்கு நியாயமான கூலி கொடுத்தால் கணக்கு உதைக்கும் என்பதைத்தான் நாகரிகமாகக் 'கட்டுப்படியாகவில்லை' என்கிறார்கள்.

மரத்திலிருந்து சாராயம் எடுத்து வண்டி ஓட்டும் கனவும் பழசுதான். மரநாரைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுக்க முடியும் என்று பிரான்சில் பிராகோனோ 1819-லேயே காட்டிவிட்டார். மரத்துக்குள் சர்க்கரை இருக்கிறது, ஆனால் லிக்னின் என்ற பசை அதைப் பூட்டிவைத்திருக்கிறது. பூட்டை உடைக்க அமிலம், சூடு, நொதி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். முதல் யுத்த காலத்தில் அமெரிக்காவில் மர அறுவை ஆலைக் கழிவிலிருந்து எத்தனால் எடுத்தார்கள், இரண்டாம் யுத்த காலத்தில் ஜெர்மனியில் எடுத்தார்கள். யுத்தம் முடிந்து எண்ணெய் வந்ததும் கைவிட்டார்கள். இந்தியாவின் 2018 உயிரி எரிபொருள் கொள்கை இந்த 'இரண்டாம் தலைமுறை' எத்தனாலை ஊக்குவிக்கிறது. அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை 2025 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. இருநூறு வருசத்துப் பூட்டு ஒருவேளை இப்போது திறக்கலாம். திறந்தால் மகிழ்ச்சிதான். மூங்கில் வெட்டுகிறவர், சில்லு போடுகிறவர், சுமக்கிறவர் கணக்கை அதே அக்கறையோடு எழுதுகிறார்களா என்பதுதான் நம் கேள்வி.

விஞ்ஞானம் எல்லாமே நமக்கு எதிரானது என்று சொல்லவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய 'அஸ்த்ரா' அமைப்பு கிராமத்துக்கான தொழில்நுட்பத்தைத் தேடியது. 1988-ல் தும்கூர் மாவட்டத்தில் ஹோசஹள்ளி என்ற சின்ன ஊரில் 5 குதிரைசக்தி எஞ்சினை விறகு வாயுவில் ஓட்டி வீடுகளுக்கு விளக்கு போட்டார்கள். ஊரே விறகு வளர்த்து, ஊரே எஞ்சின் ஓட்டி, ஊருக்கே வெளிச்சம். கரியாக்காமல் விறகையே நேராகப் போட்டதால் மூட்டம் இல்லை, மூட்டத்துப் புகையும் இல்லை. அழுக்கான கட்டத்தை இன்னொருவர் தலையில் தள்ளாமல் எஞ்சினுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி. முடியாது என்பதால் நம்மைப் புகையில் உட்கார வைக்கவில்லை. தேவைப்படவில்லை என்பதால் உட்கார வைத்தார்கள்.

6

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது நிலம். மரம் யாருடையது என்ற கேள்வி நிலம் யாருடையது என்ற கேள்வியில்தான் போய் முடியும்.

ராமநாதபுரத்துக் கண்மாய்களிலும் புறம்போக்கிலும் நிற்கும் மரங்கள் ஏலத்தில் போகின்றன. 1981-ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் வந்தபோது கண்மாய்க்குள் கருவேல மரம் வைத்தார்கள். 'சமூக' என்று பேர் வைத்தார்கள். சமூகம் என்றால் இங்கே யார் என்பது அந்தந்த ஊர்ச் சாவடிக்குத் தெரியும். ஏலம் கேட்க முன்வைப்புத் தொகை வேண்டும், லாரி வேண்டும், அதற்கும் மேலே, ஏலத்தில் எழுந்து நின்று விலை கேட்டால் மறுநாள் வீடு பத்திரமாக இருக்கும் என்ற தைரியம் வேண்டும்.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கி 2006 வரை தனித்தொகுதித் தேர்தலையே நடத்தவிடவில்லை. தலைவர் நாற்காலி என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை என்று நகரத்து நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். மரியாதையும்தான். கூடவே, ஊரின் பொதுச் சொத்தை யார் பெயரில் ஏலம் விடுவது என்று கையெழுத்துப் போடும் பேனாவும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. கண்மாய் மீனும் கண்மாய் மரமும் அந்தப் பேனாவில் தொங்குகின்றன.

பஞ்சமி நிலக் கதையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-92-ல் எழுதிய அறிக்கைதான் ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் என்ற ஏற்பாட்டுக்கு வழி திறந்தது. அந்த நிலத்தை மீட்கக் கிளம்பிய காரணையில் 1994 அக்டோபர் 10-ல் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இன்னொரு பக்கம் 'தரிசு மேம்பாடு' என்றும் 'உயிரி எரிபொருள்' என்றும் பெயர் சொல்லித் தரிசைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமா என்று யோசிக்கிறார்கள். நாம் கேட்டால் நிலமே இல்லை என்கிறார்கள், எஞ்சின் கேட்டால் தரிசு தாராளமாக இருக்கிறது என்கிறார்கள்.

சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்கள் பற்றிக் கொள்கை அறிவித்தது. அந்த மரம் மேய்ச்சலையும் கண்மாயையும் கெடுத்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 'அன்னிய முள்ளை வேரோடு பிடுங்குவோம்' என்று மேடையில் முழங்கியவர்களில், அந்த முள்ளில் உலை வைத்தவர்களை நேரில் போய்க் கேட்டவர்கள் எத்தனை பேர்? பட்டா கேட்காமல், சாதி கேட்காமல் புறம்போக்கில் முளைத்த ஒரே மரம் அது. அதைப் பிடுங்கிய இடத்தில் என்ன வரப்போகிறது, அது யார் பேரில் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் பிடுங்கட்டும்.

ஆகவே, மரத்திலிருந்து மலிவு எரிபொருள் என்று யார் வந்து பேசினாலும், கரித்தொழிலாளர் சங்கம் வைக்க விரும்பும் தோழர்களும் ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களும் நாலு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாய் மரத்தின் ஏலத்தில் வெட்டுகிறவர்களின் கூட்டுறவுக்கு முதல் உரிமை உண்டா? மூட்டத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தனி மஸ்டர், தனிக் கூலி உண்டா? முன்பணம் எழுத்தில் உண்டா, கழித்த கணக்கு அவர்கள் கையில் உண்டா? புகையில்லாத கலம் வந்தால் அது ஊர்ச் சொத்தா, ஏலக்காரர் சொத்தா?

இந்த நாலுக்கும் பதில் எழுதிவிட்டு அப்புறம் ஒரு லிட்டருக்கு என்ன விலை ஆகிறது என்று கணக்குப் பார்க்கட்டும். அந்த விலை பெட்ரோலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வரலாம். வந்தால் அதுதான் அதன் சரியான விலை. இதுவரைக்கும் அந்த வித்தியாசத்தைக் கட்டிக்கொண்டிருந்தது நாம்.